பார்த்துப் பழகிப்போன ஆபத்து

அறிந்தே செய்த குற்றங்களை நாம் எளிதில் நினைவுகூர்கிறோம். பாவசங்கீர்த்தனத்திலும் அவற்றையே முதலில் சொல்லுகிறோம். கண்முன் இருந்ததைக் காணாமல் விட்டது மட்டும் நம் கணக்கில் ஏறுவதில்லை. இந்தக் குறை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குக் காவிரிக் கரையிலேயே சான்றுகள் உண்டு.

1997-ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பிடித்தது. வெளியேற முயன்ற கூட்டம் நெரிசலில் சிக்கியது; நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரி 23 அன்று, திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்தது. மணமகன் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதன்பின் ஆறு திங்களும் நிறையவில்லை. ஜூலை 16 அன்று, கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில், மதிய உணவு சமைத்த இடத்தில் எழுந்த தீ கீற்றில் பற்றி, மாடி வகுப்பறைகளின் கூரைக்குத் தாவிற்று. 94 பச்சிளங் குழந்தைகள் மடிந்தனர்.

தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். முதல் செய்தியைக் கேட்டு நாடே அழுதது; அதே கீற்று, அதே குறுகிய வழி, வேறோர் ஊரில் அப்படியே நின்றது. யார் குற்றவாளிகள் என்பதை நீதிமன்றம் ஆராய்ந்தது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சை நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. பிள்ளைகளை இழந்த பெற்றோரை நோகச் செய்வதற்காக இதை எழுதவில்லை. நாள்தோறும் பலர் கண்ணில் பட்ட கூரை ஏன் ஒருவர் மனத்தையும் உறுத்தவில்லை என்பதே நமக்குரிய கேள்வி.

விடை அரிதன்று. “இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே” என்கிறோம். “யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்கிறோம். “அது அங்கே நடந்தது” என்கிறோம். மூன்றும் பொய்போலத் தோன்றுவதில்லை. அனுபவமும் அடக்கமும் பேசுவனபோலத் தோன்றுகின்றன. ஆகவேதான் மறுப்பு என்னும் பழக்கம் நல்லவர்களிடமும் குடியேறுகிறது.

அதைக் கண்டுகொள்ள மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, பார்க்குமுன்னே பதில் வந்துவிடும். “பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை” என்று பாட்டி சொன்னவுடன், பிள்ளையின் முகத்தைக்கூட நோக்காமல் “பரீட்சைக் கவலை” என்று முடித்துவிடுகிறோம். இரண்டாவது, சுட்டிக்காட்டுபவர்மீது கோபம் வரும். அண்ணன் குடிப்பதைச் சொன்ன தம்பிதான் வீட்டில் குற்றவாளி ஆகிறான். மூன்றாவது, “அறுவடை முடியட்டும்”, “திருவிழா கழியட்டும்” என்று நாள் தள்ளும். வாயில் பல வாரமாக ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டாமல், போகங்கள் கழிந்துபோன குடும்பங்கள் நம் ஊர்களில் இல்லையா?

இலாசரின் கதையை நாம் அறிவோம். செல்வன் அவனை அடித்தான் என்றோ விரட்டினான் என்றோ நற்செய்தி சொல்லவில்லை. அவன் வாயிலில் கிடந்தான். செல்வன் உள்ளே விருந்துண்டான். அவ்வளவே. நாள்தோறும் கண்ணில் பட்டதனாலேயே ஒரு மனிதன் கண்ணுக்கு மறைந்துபோனான்.

ஆகவே இரவு செபத்துக்குப்பின் செய்யும் ஆன்ம சோதனையில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்வோமாக. இன்று யார் சொன்னதைக் கேட்டு நான் காரணமின்றிச் சினந்தேன்? எதை மறுபடியும் நாளைக்கு என்று தள்ளினேன்? விடையை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் கணவனோ மனைவியோ மற்றவரிடம் சொல்லவேண்டும்; தனியே கண்ட குற்றம் விடியுமுன் மறந்துபோகும்.

மாதம் ஒருமுறை, முதன்முறை வந்த விருந்தாளியைப்போல் வீட்டைச் சுற்றி வாருங்கள். சமையல் எரிவாயுவின் ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதன்மேலேயே ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். வயலில் மோட்டாருக்குச் செல்லும் கம்பி உரிந்திருக்கிறதா? பூச்சிமருந்துப் புட்டி நெல் மூட்டையோடு கிடக்கிறதா? பிறகு வீட்டிலுள்ளோர் முகங்களையும் அவ்வாறே ஒருமுறை நோக்குங்கள்.

கும்பகோணத்துக்குப் பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பாதுகாப்பான பள்ளி என்பது கல்வி உரிமையில் அடங்கும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றமும் உரைத்தது. அந்தக் குழந்தைகள் போனபின்பே இவை வந்தன. நம் வீட்டுக்குள் அகற்றவேண்டிய கூரை எது என்பதை எந்த அதிகாரியும் வந்து சொல்லமாட்டார். அதை இன்றிரவே நாம்தான் பார்க்கவேண்டும்.