நிற்கும் காற்றாலை... நடுராத்திரி மோட்டார்! மின்சாரத்தைச் சேமித்து வைக்க முடியுமா?

‘ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. ஆனாலும் சில காற்றாலைகள் சுற்றாமல் நிற்கின்றன. எங்களுக்கோ மும்முனை மின்சாரம் நடுராத்திரியில்தான் வருகிறது. மிச்சமாகும் மின்சாரத்தைப் பேட்டரியில் பிடித்து வைத்துப் பகலில் கொடுத்தால் என்ன? நானே தோட்டத்தில் பேட்டரி வைத்துக்கொள்ளலாமா?’ என்று கயத்தாறு பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை இது.

மின்கம்பியில் வரும் மின்சாரத்தைக் கம்பியிலேயே தேக்கி வைக்க முடியாது. எவ்வளவு உற்பத்தியாகிறதோ, அவ்வளவும் அந்த நொடியே செலவாக வேண்டும். இந்தக் கணக்குச் சரியாக இருந்தால், நாடு முழுக்க மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும். உற்பத்தி மிஞ்சினால் அது ஏறும். தேவை மிஞ்சினால் இறங்கும். ரொம்பவும் இறங்கினால் மின் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தானே நின்றுவிடும். அதனால்தான் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் சில காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். (பழுது காரணமாக நிற்பவையும் உண்டு.)

மிஞ்சியதைச் சேமிக்கும் வேலை நமக்குப் புதிதல்ல. ஆனைமலையில் உள்ள காடம்பாறை நீர்மின் நிலையம் 1980-களிலேயே வந்துவிட்டது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை கூடும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுப்பார்கள். அதற்கு மலையும் இரண்டு அணைகளும் வேண்டும். பேட்டரிக்கு ஒரு களத்துமேடு இருந்தால் போதும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது தெற்கு ஆஸ்திரேலியா. 2016 செப்டம்பரில் அடித்த புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து, அந்த மாநிலமே இருளில் மூழ்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில், ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் ஒரு காற்றாலைப் பண்ணையை ஒட்டி, 100 மெகாவாட் பேட்டரி ஓடத் தொடங்கியது. அப்போது உலகிலேயே பெரிய லித்தியம் பேட்டரி அதுதான். சில நாள்களிலேயே பக்கத்து மாநிலத்தில் ஓர் அனல்மின் அலகு திடீரென நின்றபோது, கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைக் கொடுத்துத் தாங்கியது. இந்த வேகம் அனல்மின் நிலையத்துக்கு வராது.

ஆனால், அதன் கொள்ளளவைப் பாருங்கள். 1,29,000 யூனிட். சுமார் இருபதாயிரம் 5 எச்.பி. மோட்டார்களை ஒன்றே கால் மணி நேரம் ஓட்டலாம், அவ்வளவுதான். சூரியன் மறைந்து, வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஓடும் மாலை நேரத்து இடைவெளியை அடைக்கத்தான் பேட்டரி. டெல்லி ரோகிணியில் 2019-ல் 10 மெகாவாட் பேட்டரி அமைத்தார்கள். நம் நாட்டில் இது இனி வேகமாகப் பெருகும்.

தோட்டத்தில் பேட்டரி வைக்கலாமா?

வேண்டாம். இன்வெர்ட்டர் கடைக்காரர்கள் என்மேல் கோபித்துக்கொள்ளலாம். 5 எச்.பி. மோட்டார் 4 மணி நேரம் ஓட ஏறக்குறைய 18 யூனிட் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றில் இருப்பது 1.8 யூனிட். அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக, 20 பேட்டரி வேண்டும். சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் மாற்றவும் வேண்டும்.

அதே 18 யூனிட்டில், 100 அடி ஆழத்திலிருந்து சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவந்துவிடலாம். 33 அடி நீளம், 33 அடி அகலம், மூன்றேகால் அடி ஆழத்தில் ஒரு தொட்டி இருந்தால் அவ்வளவும் நிற்கும். மின்சாரம் இருக்கும்போது நிரப்பிக்கொண்டு, பாய்ச்சலைப் பகலில் வைத்துக்கொள்ளலாம். மானியத்தில் தரும் சூரிய சக்தி பம்புசெட்டுகளில் பேட்டரி இல்லாததற்கும் இதுதான் காரணம். வெயில் இருக்கும்போது தண்ணீரை ஏற்றிவிட்டால், மின்சாரத்தைச் சேமிக்கும் வேலையே இல்லை.

ராத்திரி மின்சாரத்துக்கு வருவோம். வீடுகளும் ஆலைகளும் அடங்கிய பிறகு மிஞ்சியதை விவசாயத்துக்குக் கொடுப்பது பழைய ஏற்பாடு. சூரிய மின்சாரம் பெருகிய பிறகு நடுப்பகலில்தான் மிஞ்சுகிறது. குஜராத்தில் 2020-ல் தொடங்கிய கிசான் சூர்யோதய திட்டமும், மகாராஷ்டிராவின் சௌர் கிருஷி வாஹினி திட்டமும் விவசாய மோட்டார்களைப் பகலுக்கு மாற்றத்தான் வந்தன. பாம்புக்கும் ஈர ஸ்டார்ட்டருக்கும் பயந்து, டார்ச் விளக்கோடு வரப்பில் நடக்கும் வேலை இதனால் குறையும். மின்வாரியத்துக்கும் நல்லதுதான். பகலில் ஓடும் ஒவ்வொரு மோட்டாரும் வாங்க வேண்டிய பேட்டரியைக் குறைக்கிறது.

எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் டிரான்ஸ்பார்மர் தாங்காது என்பதும் உண்மை. ஆகவே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது, ‘பகலில் மும்முனை வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். விவசாயத்துக்குத் தனி மின்பாதை, சுழற்சி முறையில் பகல் நேரம் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் டிரான்ஸ்பார்மரின் திறன், அதில் எத்தனை மோட்டார்கள், இப்போது எந்த நேரத்தில் மும்முனை வருகிறது என்ற விவரங்களையும் மனுவில் குறிப்பிடுங்கள்.