திருமுடிவாக்கத்தில் ஒரு விண்வெளிக் காராமணி!

"விண்வெளி உயிரியலா? அப்படின்னா என்ன தம்பி... ராக்கெட்டுக்கு ஊசி போடுற வேலையா?"

டீ இடைவேளையில் எங்கள் லேத் மாஸ்டர் கேட்ட கேள்வி இது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறு வழி?

என்னைப் பற்றி இரண்டு வரி. வயது 26. படிப்பு, பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. உத்தியோகம், திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். காலேஜில் பாக்டீரியா எண்ணினேன். இப்போது போல்ட் எண்ணுகிறேன். பாக்டீரியா ராத்திரியோடு ராத்திரியாகப் பெருகிவிடும். போல்ட் எப்போது எண்ணினாலும் நாலு குறையும். அவ்வளவுதான் வித்தியாசம்!

இப்படிப்பட்ட ஆசாமிக்கு விண்வெளி ஆசை எப்படி வந்தது? எல்லாம் ஒரு காராமணி செய்த வேலை.

2024 டிசம்பர் 30, இரவு 10 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 கிளம்பியது. இரண்டு செயற்கைக்கோள்களை வானத்தில் ஒன்றோடொன்று கோத்துப் பார்க்கும் 'ஸ்பேடெக்ஸ்' சோதனை. ஊரெல்லாம் அதைத்தான் பேசியது. ஆனால் அந்த ராக்கெட்டில் இன்னொரு சமாசாரம் இருந்தது. ராக்கெட்டின் நாலாவது அடுக்கு, வேலை முடிந்ததும் வெறும் ஸ்கிராப். அதை வீணாக்காமல் 'போயம்-4' என்று பெயர் சூட்டி, 24 ஆய்வுக் கருவிகளை அதில் ஏற்றி விட்டார்கள் இஸ்ரோக்காரர்கள். (எங்கள் தொழிற்பேட்டையில்கூட ஸ்கிராப்பை இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக யாரும் பயன்படுத்தியதில்லை!)

அதில் ஒன்று, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த 'கிராப்ஸ்' என்ற பெட்டி. அதற்குள் எட்டே எட்டு காராமணி விதைகள். நாலே நாளில் முளைவிட்டன. பிறகு இலையும் எட்டிப் பார்த்தது.

"காராமணி முளைக்கிறது ஒரு அதிசயமா?" என்று கேட்பீர்கள். எங்கள் அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். விதையை எப்படிப் புதைத்தாலும் வேர் கீழே போகிறது, தண்டு மேலே வருகிறது. 'கீழே' எது என்று வேருக்கு யார் சொன்னார்கள்? வேர் நுனியில் இருக்கும் சில செல்களில் குட்டிக் குட்டி மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. பூமியின் ஈர்ப்பில் அவை செல்லின் அடியில் போய் உட்காரும். அதுதான் வேருக்கு வழிகாட்டி. சுற்றுப்பாதையில் எடை கிடையாது. மணிகள் உட்காராது. வேருக்குத் திக்குத் தெரியாது. ஊற்றின தண்ணீரும் கீழே இறங்காமல் உருண்டையாக அப்பிக்கொள்ளும். நாளைக்கு மனிதன் மாதக் கணக்கில் விண்வெளியில் தங்க வேண்டுமானால், கீரை முதல் காராமணி வரை எப்படி வளர்க்கிறது? அவன் எலும்பும் தசையும் தேயாமல் எப்படிக் காப்பாற்றுகிறது? இதையெல்லாம் ஆராய்வதுதான் விண்வெளி உயிரியல்.

சரி, ஆசை வந்துவிட்டது. 'விண்வெளி உயிரியலாளர் தேவை' என்று எங்காவது விளம்பரம் வந்திருக்கிறதா என்று தேடினேன். ஊஹூம்! இஸ்ரோ பெரும்பாலும் எடுப்பது இன்ஜினீயர்களைத்தான். அப்படியானால் இந்த வேலையைச் செய்கிறவர்கள் யார்?

2025 ஜூன் 25-ல் ஆக்ஸியம்-4 பயணத்தில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பினார் அல்லவா? இந்தியா கொடுத்தனுப்பிய ஏழு பரிசோதனைகளும் அவரோடு போயின. பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்க வைக்கும் ஆராய்ச்சி யாருடையது தெரியுமா? தார்வாடில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகமும், அங்கே உள்ள ஐ.ஐ.டி.யும். தசை செல் ஆராய்ச்சி பெங்களூர் 'இன்ஸ்டெம்' நிறுவனத்துடையது. அதாவது சார், யாரும் விண்வெளி உயிரியலாளராகப் பிறக்கவில்லை. பயிரையோ தசையையோ கிருமியையோ ஒழுங்காகப் படித்தவர்கள், 'இதே சமாசாரம் மேலே போனால் என்ன ஆகும்?' என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டார்கள். அவ்வளவுதான்!

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? கஸ்தூரி வெங்கடேஸ்வரன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடல் கிருமிகளைப் படித்தவர். அப்புறம் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் விண்வெளி நிலையத்துக் கிருமிகளை ஆராய்ந்தார். அந்த நிலையத்தின் காற்று ஃபில்டரில் ஒரு புது பாக்டீரியா சிக்கியது. 2017-ல் அதற்கு வைத்த பெயர் 'சோலிபாசில்லஸ் கலாமி'. ஆமாம், நம் அப்துல் கலாம் பெயர்தான்! 2021-ல் இன்னொன்றுக்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி அஜ்மல் கானின் பெயர். படித்த இடத்தின் நன்றிக்கடனை பாக்டீரியா மூலமாகத் தீர்த்திருக்கிறார்கள்.

இன்னும் பக்கத்தில்? கிண்டியைத் தாண்டினால் ஐ.ஐ.டி. மெட்ராஸ். விண்வெளி நிலையத்தில் கிடைத்த, பல மருந்துக்கு அசையாத ஒரு கிருமியைப் பற்றி நாசா ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து 2024-ல் ஆய்வு வெளியிட்டவர்கள் இவர்கள். அதில் பாதி வேலை கம்ப்யூட்டரில். விண்வெளிக்குப் போக வேண்டாம். குன்றத்தூரைத் தாண்டினால் போதும்!

படித்ததையெல்லாம் ஒருநாள் லேத் மாஸ்டரிடம் கொட்டினேன். 'கிளைனோஸ்டாட்' என்று ஒரு கருவி உண்டு. முளைவிட்ட விதையைப் படுக்கைவாக்கு அச்சில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால், கீழ் எது மேல் எது என்று வேர் குழம்பிப் போகும். ராக்கெட் இல்லாமலே எடையின்மையை ஓரளவு ஏமாற்றிப் பார்க்கலாம் என்றேன்.

மனுஷன் சிரிக்கவில்லை. "நிமிஷத்துக்கு எத்தனை சுத்து?"

"ரெண்டு போதும் மாஸ்டர்."

மறுநாள் பழைய கியர் மோட்டார் ஒன்றும், அவரே கடைந்த தண்டு ஒன்றும் என் டேபிளில் இருந்தன. காலி ஸ்வீட் பாக்ஸில் ஈரப்பஞ்சு வைத்து நாலு காராமணியைச் சுற்ற விட்டேன். சுற்றாத பெட்டியில் நாலு. மூன்றாம் நாள்... சுற்றாத பெட்டியில் வேர்கள் கைகட்டி நிற்கும் பையன்கள் மாதிரி நேரே கீழே! சுற்றின பெட்டியில் திசைக்கு ஒன்று!

போட்டோ எடுத்துக்கொண்டு, எனக்குப் பாடம் எடுத்த மேடத்திடம் ஓடினேன். பார்த்தார். பாராட்டுவார் என்று நின்றேன்.

"வேர் திரும்பினது ஈர்ப்பினாலயா, மோட்டார் ஆட்டத்தினாலயா? எப்படிச் சொல்றே?"

"அது வந்து மேடம்..."

"பம்பரம் மாதிரி நின்னவாக்கில சுத்துற மூணாவது பெட்டி எங்கே? அதிலயும் ஆட்டம் உண்டு, ஆனா கீழே எதுன்னு வேருக்குத் தெரியும். நாலு விதையை வச்சு சயின்ஸ் பண்ண முடியாதுப்பா. பெட்டிக்கு எட்டு போடு. கோணத்தை அளந்து எழுது. அப்புறம் வா."

திட்டு வாங்கினேன். ஆனால் நாலு வருஷமாக யாரும் என்னை இப்படி மதித்துத் திட்டியதில்லை!

வழியையும் அவரே சொன்னார். ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்ஸி. சேர 'ஜாம்' என்று ஒரு நுழைவுத் தேர்வு. பயோடெக்னாலஜி தாள் உண்டு, வயது வரம்பு கிடையாது. அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட், இல்லாவிட்டால் கேட். ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் பி.எச்டி. செய்ய மாதம் 37,000 ரூபாய். "கடைசியில விண்வெளி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனா மைக்ரோபயாலஜி கைவிடாது. மருந்துக் கம்பெனி, ஆஸ்பத்திரி, உணவுன்னு எங்கேயும் நிக்கலாம். அதைத் தெரிஞ்சுக்கிட்டு வா" என்றார்.

வீட்டில் சொன்னேன். "படிக்கிறதுக்கு முப்பத்தேழாயிரமா!" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். என் சம்பளத்தைவிட அதிகம். உடனே அடுத்த கேள்வி. "அதுக்கு முன்னாடி எம்.எஸ்ஸி. ரெண்டு வருஷம்?"

அதுதான் சிக்கலே. தங்கை கல்யாணக் கடனில் இன்னும் பதினாலு தவணை பாக்கி. ஜாம் தேர்வு பிப்ரவரியில். நான் பதில் சொல்லவில்லை. அப்பாவும் மேலே கேட்கவில்லை.

மூன்று பெட்டி, 24 விதை. கொம்பாஸ் பாக்ஸிலிருந்து கோணமானியோடு உட்கார்ந்தேன். நாலாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் காலி! பெட்டி மூன்றும் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அம்மா! பெட்டில இருந்ததெல்லாம் எங்கே?"

"முளைகட்டின பயிறு உடம்புக்கு நல்லதுடா. சுண்டல் பண்ணிட்டேன். தட்டுல இருக்கு பார்."

இந்தியாவின் விண்வெளி உயிரியலுக்கு என் முதல் காணிக்கை, கடுகு தாளித்து, தேங்காய்ப்பூவோடு! அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அம்மா பேசவில்லை.

மறுநாள் காலை சமையலறையில் இரண்டு கிண்ணம் ஊறிக்கொண்டிருந்தது.

"பெரிய கிண்ணம் சுண்டலுக்கு. சின்னதுல எண்ணி இருபத்தினாலு போட்டிருக்கேன். அது உன்னோட ராக்கெட்டுக்கு" என்றாள் அம்மா.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"அந்த ஜாம் ஃபாரம் ஃபீஸ் எவ்வளவுடா?"