தாளில் தெரியும் பிள்ளையின் வயது

மழலையின் கையில் கரித்துண்டு அகப்பட்டுவிட்டால் வெள்ளையடித்த சுவர் தப்பாது. அதட்டிப் பிடுங்கிவிடுகிறோம். அந்தக் கோடுகளைப் பொறுமையாகப் பார்ப்பவர் நம்மில் சிலரே.

அப்படிப் பார்த்தவர்களுள் ஒருவர் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்டு. குழந்தைகளின் ஓவியம் வயதோடு படிப்படியாக மாறுவதை 1947இல் வெளியான தமது நூலில் அவர் விளக்கினார். ஒரு தொடக்கப் பள்ளியின் ஐந்து வகுப்புத் தாள்களையும் அடுத்தடுத்து வைத்தால் நாமே இதைக் காணலாம். 1ஆம் வகுப்பில் வீடும் தென்னையும் ஆடும் அந்தரத்தில் மிதக்கின்றன. அடுத்த ஈராண்டுகளில் தாளின் அடியில் ஒரு கோடு பிறக்கிறது. அதுதான் தரை, எல்லாம் அதன்மீது வரிசையாக நிற்கும். சுவருக்கு அப்பால் எரியும் அடுப்பையும் சேர்த்து வரைவார்கள். இது பிழையன்று. கண்ணுக்குத் தெரிவதையன்று, மனம் அறிந்ததை வரைகின்றனர். 4, 5ஆம் வகுப்புகளில் மரம் வீட்டின் பின்னே பாதி மறைகிறது. "எனக்கு வரைய வராது" என்ற பேச்சும் அப்போதுதான் தொடங்குகிறது.

இந்த வளர்ச்சியைக் கெடுப்பது கரும்பலகை மாதிரிதான். இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை! சன்னலைத் திறந்தால் வேளிமலை தெரிகின்ற தக்கலை வட்டாரத்துப் பிள்ளையும் அந்த இரு முக்கோணங்களையே மலை என்று வரைகிறது.

தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2007இல் பரவலாக்கப்பட்ட செயல்வழிக் கற்றலில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. வகுப்பறையின் குறுக்கே கம்பி கட்டி, பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிட்டனர். சிறுவர்க்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகையும் இருந்தது. 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா பின்னர் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது, மகிழ்ச்சியே. ஆயினும் போட்டியில் பரிசு சிலருக்குத்தான். கம்பியில் எல்லாருக்கும் இடமுண்டு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பகுதிநேரக் கலை ஆசிரியரை 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கே குறிப்பிடுகிறது. அதுவும் 100 பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்கு. ஆகவே 5ஆம் வகுப்புவரை ஓவியமும் வகுப்பாசிரியர் தலையில்தான்.

நம் வீடுகளில் இன்னொரு தயக்கமும் உண்டு. உருவம் வரையலாமா என்று அஞ்சி, ஓவிய வகுப்பையே வேண்டாமென்கிற பெற்றோர் உள்ளனர். ஓவியத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. கதவை அடைக்கவில்லை, வழி காட்டினார்கள். மாணவனுக்கு அவ்வழி போதாதா?

நம் மாவட்டத்திலேயே தோவாளை மாணிக்க மாலை இருக்கிறது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சியிலை ஆகியவற்றை மடித்து, மணிகள் பதித்த பட்டைபோல் தொடுக்கிறார்கள். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உருவம் ஏதுமில்லை, வண்ணமும் கணக்கும்தான். 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் வண்ணக் காகிதத்தை மடித்து அதைச் செய்து பார்க்கலாம். சிறியவர்களுக்குத் தென்னையோலைப் பின்னல் இருக்கிறது. குளச்சல் பக்கம் கிளிஞ்சல். குலசேகரம் பக்கம் ரப்பர் கொட்டை. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவுமில்லை.

பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவரும் தாளை அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். பின்புறத்தில் தேதியைக் குறித்து வையுங்கள். 5ஆம் வகுப்பு முடியும் நாளில் எல்லாவற்றையும் பாயில் பரப்பி, பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.