குடிமக்கள் அல்லாதோருக்காக ஐ.நா.வில் வாதாடிய இந்தியா

புது தில்லி: வெளிநாட்டில் இந்தியக் குடிமகன் ஒருவருக்கு நிறத்தின் பெயரால் அநீதி இழைக்கப்பட்டால், அவருக்காகக் குரல் கொடுக்கும் உரிமை இந்திய அரசுக்கு உண்டு. அவர் அந்நாட்டின் குடிமகனாகவே ஆகிவிட்டவர் என்றால்? சுதந்திரம் பெறுவதற்கு ஓராண்டுக்கு முன்பே இந்தியா இக்கேள்வியை எதிர்கொண்டது.

1860-ல் சென்னையிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள், நேட்டால் கரும்புத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களது சந்ததியினர் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் கடும் கட்டுப்பாடு விதித்து, 1946-ல் தென்னாப்பிரிக்கா சட்டம் இயற்றியது. 'கெட்டோ சட்டம்' என்று அழைக்கப்பட்ட இதை எதிர்த்து அங்குள்ள இந்தியர்கள் சத்தியாகிரகத்தில் இறங்கினர்.

இந்தியா தனது தூதரைத் திரும்ப அழைத்தது. வர்த்தக உறவையும் முறித்தது. ஜூனில் ஐ.நா.விடம் புகார் அளித்தது.

"இவர்கள் எங்கள் நாட்டினர், இது எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்பதே பிரதமர் ஸ்மட்ஸ் தரப்பின் வாதம். குடியுரிமையை மட்டும் நம்பியிருந்தால் இந்தியாவின் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான குழு, இரு அரசுகளும் 1927-ல் செய்துகொண்ட கேப் டவுன் உடன்பாட்டையும், ஐ.நா. சாசனத்தின் மனித உரிமைப் பிரிவுகளையும் முன்வைத்தது. அந்த உடன்பாட்டை அடுத்தே, வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி இந்தியாவின் முதல் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றிருந்தார்.

1946 டிசம்பர் 8-ல் இந்தியாவுக்கு ஆதரவாக 32 நாடுகளும் எதிராக 15 நாடுகளும் வாக்களித்தன. 7 நாடுகள் நடுநிலை வகித்தன. மூன்றில் இரு பங்கு பெரும்பான்மையுடன் தீர்மானம் நிறைவேறியது.

எனினும் பாதிக்கப்பட்டோருக்கு உடனடி நிவாரணம் கிட்டவில்லை. 1950-ல் இதைவிடக் கொடிய குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. டர்பனின் கேட்டோ மேனரில் வசித்த இந்தியக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அச்சட்டம் 1991-ல்தான் நீக்கப்பட்டது. இந்தியாவின் வர்த்தகத் தடை 1993-ல் விலக்கப்பட்டது.

ஆயினும், இனப்பாகுபாடு ஒரு நாட்டின் சொந்த விஷயமல்ல என்ற வாதத்துக்கு உலக அரங்கில் அன்று வழி திறந்தது. பின்னாளில் நிறவெறிக்கு எதிராக ஐ.நா. எடுத்த நடவடிக்கைகளுக்கு அதுவே தொடக்கம்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் இன்றும் சட்டப்படி அந்தந்த நாட்டினரே. கடவுச்சீட்டின் எல்லையில் தூதரகத்தின் அதிகாரம் நிற்கலாம். அரசின் பொறுப்பும் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை என்பதே 1946 தரும் பாடம்.