வலியா, பாவனையா?

தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் விடியற்காலைப் பிரட்டில் ஒருவர் வயிற்றுவலி என்று நின்றால், "வலியா, பாவனையா?" என்ற சந்தேகம் எழுவதுண்டு. பாவனைதான் என்று முடிவாகிவிட்டால் அன்றைய கூலி போயிற்று. இத்தனை வலிமை உள்ள அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போமா?

பாவனை வடமொழிச் சொல். அதன் வேர் 'பூ'. நாம் தலையில் சூடும் பூ அன்று. இருத்தல், ஆதல் என்று பொருள்படும் வினையடி. ஆகவே, ஒன்றை 'ஆகச் செய்தல்' என்பதே பாவனையின் முதற்பொருள். மனத்தில் ஒன்றை ஆக்கிக் காண்பதும் பாவனை. பௌத்தர்கள் தியானத்தைப் பாவனை என்று சொல்வது இதனால்தான். இல்லாததை இருப்பதுபோல் ஆக்கிக் காட்டுவதும் பாவனையே. லயத்து வாசலில் சிறுமிகள் சிரட்டையில் மண்ணள்ளிச் சோறாக்குகிறார்களே, அதில் வஞ்சகம் எங்கே இருக்கிறது? வஞ்சகத்தைச் சொல்லப் பாசாங்கு என்று வேறொரு சொல் நம்மிடம் இருக்கிறது. ஆனாலும் பாவனைக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. கிரேக்க மொழியிலும் மேடை நடிகனைக் குறித்த சொல்தான் பிற்காலத்தில் வெளிவேடக்காரனுக்குப் பெயராயிற்று.

இதன் வினைச்சொல் 'பாவித்தல்'. இங்கேதான் ஒரு சிக்கல். நம் தோட்டங்களுக்குக் கிராணிகளாகவும் ஆசிரியர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் வந்தார்கள். அவர்கள் பேச்சில் பாவித்தல் என்றால் பயன்படுத்துதல். "சவர்க்காரம் பாவி" என்றால் சோப்புப் போடு என்று பொருள். (ஏசும்போது சொல்லும் பாவிக்கும் இதற்கும் உறவில்லை, அது பாவம் என்ற சொல்லின் வழி வந்தது. வள்ளுவர் அந்தப் பட்டத்தைப் பொறாமைக்கும் வறுமைக்கும் கொடுத்திருக்கிறார்.) மலாய் மொழியில் இந்தத் தொல்லை இல்லை. பாசாங்குக்குப் 'புரா-புரா', பயன்படுத்துவதற்குப் 'பாக்காய்' என்று இரண்டும் தனித்தனிச் சொற்கள்.

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் வளர்ந்த ஒரு தாயிடம், "இந்த மருந்தை மூன்று வேளை பாவியுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்? குடிப்பதுபோல் காட்டினால் போதும் என்று அவர் எண்ணமாட்டார். ஆனால் குடிப்பதா, மேலே பூசுவதா என்று திகைப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் இரவில் அது சின்னத் திகைப்பு அன்று. இலங்கையிலிருந்து வரும் மருந்துப் புட்டியில் 'பாவனை முறை' என்று கண்டால், அது பயன்படுத்தும் முறை. குடிப்பதா, பூசுவதா என்பது அடுத்த வரியில் இல்லையென்றால், மூடியைத் திறப்பதற்கு முன் டிரெசரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.