சைரன் ஒன்று, இறங்குபவர் வேறு

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. பின்கதவு திறக்கிறது. இறங்குவது யார்? டாக்டரா?

அது நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது! பிரான்சில் 15-ஐ அழைத்து, மாரடைப்பு மாதிரி பெரிய சிக்கல் என்றால், டாக்டரே வண்டியேறி வந்துவிடுவார். அமெரிக்காவில் பெரும்பாலும் டாக்டர் வருவதில்லை. அங்கே சில மாதப் பயிற்சியில் இ.எம்.டி. என்ற அவசர உதவியாளர் ஆகலாம், அதற்கு மேலும் ஓராண்டு, இரண்டாண்டு படித்தால்தான் பாராமெடிக். மூச்சுக்குழாய்க்குள் டியூப் விடுவது, தாறுமாறாக ஓடும் இதயத்துக்கு மருந்து ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு.

நம்ம 108-இல்? நோயாளியோடு பின்னால் இருப்பவர் அவசரகால மருத்துவ உதவியாளர். தேவைப்பட்டால், ஓடும் வண்டியிலிருந்தே கட்டுப்பாட்டு அறை டாக்டருக்குப் போன் போட்டு, கேட்டுக்கொண்டு மருந்து கொடுப்பார். முன்னால் ஸ்டியரிங் பிடிப்பவருக்கு என்ன பேர் தெரியுமா? டிரைவர் இல்லை, பைலட்! நம்ம ஊர் டிராஃபிக்கில் ஓட்டுகிறவருக்கு அந்தப் பேர் தகும். அடுத்த முறை பின்னால் சைரன் கேட்டால், கொஞ்சம் ஒதுங்கி, அந்தப் பைலட்டுக்கு வழி விடுங்கள்.