விளையாட்டிலும் ஒரு பாதீடு

பள்ளிக்கரணையில் மாலை வேளைகளில், மாடிப்படிகளிலும் பூட்டிய கடைகளின் திண்ணைகளிலும் நான்கைந்து சிறுவர்கள் ஆளுக்கொரு கைப்பேசியும் கையுமாய்க் குனிந்து அமர்ந்திருப்பதை நம்மில் பலரும் கண்டிருப்போம். "எனக்கு மருந்து இல்லை", "அந்தப் பெட்டியை நான்தான் முதலில் பார்த்தேன்", "தோட்டா இருந்தால் கொஞ்சம் போடு" என்று குரல்கள் எழும். வீண் பொழுதுபோக்கு என்று பெரியோர் கடந்து செல்வர். ஆயினும் சற்றே செவிசாய்த்துக் கேட்டால், அங்கு நடப்பது பங்கீட்டைப் பற்றிய ஒரு வழக்கு என்பது புலனாகும். பாகப்பிரிவினை முதல் பந்தி வரை நம் குடும்பங்கள் நன்கறிந்த வழக்கேயன்றோ அது!

நம் நாட்டில் மிகுதியும் ஆடப்பட்டது 'பப்ஜி' என்னும் விளையாட்டு. 2020 செப்டம்பரில் அரசு அதனைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அது இந்தியாவுக்கென வேறு பெயரில் வெளிவந்தது. 2022 ஜூலையில் மீண்டும் நிறுத்தப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பவும் வந்தது. நூறு பேர் வரை வானூர்தியிலிருந்து வெறுங்கையராய் ஒரு நிலப்பரப்பில் குதிப்பர். வீடுகளில் சிதறிக் கிடக்கும் துப்பாக்கி, தோட்டா, தலைக்கவசம், மருந்துப்பெட்டி ஆகியவற்றைத் தேடி எடுத்தே போரிட வேண்டும். வீழ்ந்த எதிரியின் உடைமைகளும் ஒரு பெட்டியாய் அங்கேயே கிடக்கும். நால்வர் ஓரணியாய் ஆடும்பொழுதுதான் கேள்வி பிறக்கிறது: கிடைத்தது யாருக்கு உரியது?

பெரும்பாலும் கையை முதலில் வைத்தவனுக்கே என்பதுதான் பொறியின் விதி. ஆனால் ஆடுவோர் தமக்குள் வேறொரு நெறியை வகுத்துக் கொண்டுள்ளனர். எதிரியை வீழ்த்தியவனே அப்பெட்டியை முதலில் திறப்பான். தனக்கு வேண்டாத நல்ல பொருளைக் கண்டவன் அவ்விடத்தைக் குறியிட்டுத் தோழர்க்குக் காட்டுவான். தொலைநோக்கி, தொலைவிலிருந்து சுடுவோனுக்குச் செல்லும். தோட்டா மிகுந்தவன் இல்லாதவனுக்குக் கீழே போட்டுக் கொடுப்பான். எல்லாவற்றிற்கும் மேலாக, தோழன் அடிபட்டுக் கிடக்கையில் அவனைத் தூக்கிவிடாமல் பெட்டியைத் துழாவுவது இழிசெயல். இவற்றை அவர்களுக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. மீறுகிறவனை அடுத்த ஆட்டத்திற்கு அழைப்பதில்லை, அதுவே தண்டனை.

இவ்வாறு எடுக்கும் பொருள்களை இளைஞர் 'லூட்' என்கின்றனர். இந்தியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொல் அது. கொள்ளை என்பதே அதன் பொருள். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், சீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றிய செல்வத்தை ஆங்கிலப் படையினர் பதவி வரிசைப்படி பங்கிட்டனர். தளபதிக்குப் பெருஞ்செல்வம், கடைநிலைச் சிப்பாய்க்குச் சொற்பமே. பொன் வேய்ந்த அரியணையையே பங்கிடுவதற்காகத் துண்டு துண்டாய் உடைத்தனர்.

நம் முன்னோரும் இதனை ஆழ்ந்து சிந்தித்தவர்களே. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வரும் வெட்சிப் போரில், கவர்ந்து வந்த மாடுகளை வீரர்க்குப் பகுத்தளிப்பதற்குத் தொல்காப்பியர் 'பாதீடு' என்று பெயரிட்டார். பின்னர் வந்த புறப்பொருள் வெண்பாமாலை, ஒற்றறிந்து வந்தவனுக்கு மிகுதியாய் அளிப்பதைப் 'புலனறி சிறப்பு' என்றும், நிமித்தம் கூறினவர்க்கு அளிப்பதைப் 'பிள்ளை வழக்கு' என்றும் தனித்தனியே வகுக்கிறது. ஆநிரை கவர்தல் அறமா என்பது வேறு கேள்வி. ஆனால் வாளெடுத்தவன் மட்டுமல்லன், வழி கண்டு சொன்னவனும் பங்குக்கு உரியவன் என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது.

விவிலியத்திலும் இதே வழக்கு எழுகிறது. அமலேக்கியர் சிக்லாகு நகரைச் சுட்டெரித்துப் பெண்டு பிள்ளைகளைச் சிறைகொண்டு சென்றபொழுது, தாவீது அறுநூறு பேருடன் துரத்திச் சென்றார். பெசோர் ஓடையருகே இருநூறு பேர் களைத்து நின்றுவிட, நானூறு பேர் சென்று வென்று திரும்பினர். பின்தங்கியவர்க்கு அவரவர் மனைவி மக்களைத் தவிர வேறொன்றும் தரலாகாது எனச் சிலர் வாதிட்டனர். தாவீது அதனை ஏற்கவில்லை. போருக்குச் சென்றவனுக்கும் மூட்டை முடிச்சுகளைக் காத்தவனுக்கும் ஒரே பங்கு எனத் தீர்ப்பளித்து, அதனையே நாட்டின் நியமமாக்கினார் என்று சாமுவேல் முதல் நூலின் முப்பதாம் அதிகாரம் கூறுகிறது. வெற்றி தம் கைத்திறத்தால் மட்டும் வந்ததன்று என்பதே அவர் காட்டிய காரணம்.

கணினி விளையாட்டுகளை ஆக்கியோரும் இச்சிக்கலோடு நெடுநாள் போராடியுள்ளனர். 2000-இல் வெளிவந்த 'டியாப்லோ' இரண்டாம் பாகத்தில், விழுந்த பொருள் முந்திக் கொண்டவனுக்கே உரியது. 1999-இல் தோன்றிய 'எவர்குவெஸ்ட்' விளையாட்டில், குழுவினர் தாமே ஒரு கணக்கேடு வைத்து, உழைத்தவர்க்கெல்லாம் புள்ளிகள் அளித்து, அப்புள்ளிகளைக் கொடுத்துப் பொருளைப் பெறும் முறையை வகுத்தனர். 2004-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் நாற்பது பேர் ஒன்றுகூடி வீழ்த்தும் அரக்கனிடம் கிடைப்பதோ சில பொருள்களே. ஆகவே 'தேவை', 'ஆசை', 'வேண்டாம்' என்னும் மூன்றில் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். தேவை என்றவர் முந்துவர். ஒரே நிலையில் பலர் இருப்பின் ஒன்று முதல் நூறு வரை எண் விழும், பெரிய எண் பெற்றவர்க்கே பொருள். தேவையில்லாமலே 'தேவை' எனப் பொய் சொல்லிப் பறிப்பவனுக்கு 'நிஞ்சா' என்று பழிப்பெயரும் உண்டு.

சச்சரவு ஓயாமையால், 2012-இல் வந்த 'டியாப்லோ' மூன்றாம் பாகத்தில் ஒவ்வொருவர்க்கும் அவரவர் பொருள் மட்டுமே கண்ணுக்குத் தெரியுமாறு செய்தனர். பறிப்பதற்கு வழியில்லை, சண்டையும் இல்லை. 'வார்கிராஃப்ட்' விளையாட்டிலும் 2018-இல் குழுத்தலைவன் பங்கிடும் முறையை நீக்கித் தனிப்பங்கையே வைத்தனர். ஆயினும் 2022-இல் பெருங்குழுப் போர்களுக்கு எண் போட்டுப் பங்கிடும் பழைய முறை திரும்பி வந்தது. தனிப்பங்கு களவைத் தடுக்கும். ஆனால் தோழனுக்காக 'வேண்டாம்' என்று சொல்லும் வாய்ப்பையும் அது குறைத்துவிடுகிறது. விதியால் திருட்டைத் தடுக்கலாம். ஈகையை விதியால் உண்டாக்க இயலாது.

பெற்றோரே, சிந்தியுங்கள். வீட்டில் தட்டுக்குத் தட்டு அளந்து வைப்பதால் பிள்ளைகளிடையே சண்டை ஓயலாம். ஆனால் தன் தட்டிலிருந்து தம்பிக்கு எடுத்து வைக்கும் மனம் அளவையினால் வாராது. அண்ணன் தம்பியர் நிலத்துக்காக நீதிமன்றம் ஏறுவதைக் காண்கிறோமே, அவர்கள் ஒரே நாளில் அப்படி ஆனவர்களா? சிறு வயதில் முந்தி எடுத்தவன் கெட்டிக்காரன் என்று நாம் மெச்சிய மெச்சுதலும் அவ்வழக்கில் ஒரு சாட்சியே.

விளையாட்டு நேரத்துக்கு வரம்பு வேண்டும். படிப்பும் உறக்கமும் கெடலாகாது. அதில் ஐயமில்லை. ஆனால் கைப்பேசியைப் பிடுங்குவதற்குமுன் பிள்ளையின் அருகில் அமர்ந்து கேளுங்கள். "வென்றாயா?" என்று கேட்கவேண்டா. "இன்று யாருக்கு என்ன கொடுத்தாய்? விழுந்தவனைத் தூக்கிவிட்டாயா? திறமை குறைந்தவனையும் அணியில் சேர்த்துக் கொண்டாயா?" என்று கேளுங்கள். முதலில் அவன் வியப்பான். பிறகு சொல்லத் தொடங்குவான். அச்சிறுவர் நால்வருள் மருந்துப்பெட்டி சுமந்து பின்னால் ஓடுகிறவன் ஒருவன் எப்பொழுதும் உண்டு. அவனுக்கும் சமபங்கு என்று உங்கள் பிள்ளையின் வாயிலிருந்தே ஒரு நாள் வருமானால், பெசோர் ஓடைக் கரையில் அளித்த தீர்ப்பு உங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்ததாகக் கொள்ளலாம்.